தடம் பார்த்து நடப்போம்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எங்கள் சாரணியர் குழுவின் பெரிய கொண்டாட்டம் தடம் பார்க்கும் விளையாட்டு. முன்னே போகும் அணி சுண்ணக்கட்டியாலும் கற்களாலும் குறியிட்டுப் போகும். நாங்கள் அவற்றைத் தேடிப் பின்னே போவோம். குறுக்காகக் கீறிய இரு கோடுகள் என்றால், இது வழியல்ல. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால், வீடு போய்விட்டோம்.

அதே விளையாட்டு இன்று செய்மதியின் துணையோடு நடக்கிறது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. உடனேயே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். ஜியோகாஷிங் பிறந்தது. இன்று உலகெங்கும் இப்படி ஒளித்த பெட்டிகள் 30 இலட்சத்துக்கும் மேல். 2002 முதல் அந்த விளையாட்டினர் சேர்ந்து குப்பை அகற்றும் சிரமதானமும் செய்து வருகிறார்கள்.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இதில் என்ன அக்கறை? சலரோகக் கிளினிக்கில் நாங்கள் அன்றாடம் சொல்லும் வார்த்தை “நடவுங்கோ” என்பது. பெண்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ரோட்டிலை சும்மா நடந்தா சனம் என்ன நினைக்கும் டொக்டர்?” கோயிலுக்கு, சந்தைக்கு, பிள்ளையின் ரியூசனுக்கு என்று காரணம் இருந்தால் நம் பெண்கள் நடப்பார்கள். காரணம் இல்லாமல் வீதியில் இறங்கக் கூச்சம். ஒரு விளையாட்டு அந்தக் காரணத்தைத் தரும்.

ஆனால் விளையாட்டு மட்டும் போதாது. 2016இல் போக்கிமொன் கோ வந்தபோது உலகமே வீதிக்கு வந்தது. அமெரிக்க இளவயதினரிடம் செய்த ஆய்வொன்று அவ்வாண்டு டிசெம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியானது. முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடியிருந்தன. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன.

இங்கிலாந்தில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப வைத்தியர் தொடங்கிய அமைப்பு, ‘பீட் த ஸ்ட்ரீட்’ என்ற விளையாட்டை நடத்துகிறது. தெருவிளக்குக் கம்பங்களில் சிறு பெட்டிகள் பூட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஓர் அட்டை கிடைக்கும். ஒரு பெட்டியில் அட்டையைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு நடந்தால் பாடசாலைக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ புள்ளிகள் சேரும். கைத்தொலைபேசி தேவையில்லை. பேரனோடு அம்மம்மாவும் நடக்கலாம். சில வாரங்களில் விளையாட்டு முடியும்போது, ஊரிலுள்ள நடைக்குழுக்களிடம் ஆட்களைச் சேர்த்துவிடுவார்கள்.

இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். எங்கள் வகுப்பின் ஒன்றுகூடலுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு புதையல் தேடல் வைத்தோம். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் மர நிழலில். ரீச்சர்மாரிடம் அந்த வகைத் தொலைபேசி இல்லை. சில மாணவிகளிடமும் இல்லை; வெட்கத்தில் அதைச் சொல்லவும் இல்லை. அடுத்த முறை காகித அட்டையும் இறப்பர் முத்திரையும் கொண்டு போனோம். முத்திரை குத்த ஒவ்வோர் இடத்திலும் ஒருவரை இருத்தினோம். பழைய புத்தகக் கடை ஐயா ஒருவர் கதைக்கத் தொடங்கியதும், பிள்ளைகள் அடுத்த இடத்தையே மறந்து நின்றார்கள். பிறகு தாமாகவே அவரிடம் போய் வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016 யூலையில் வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், தன் வளவில் போக்கிமொன் விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நமக்கு அது விளங்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் பாடசாலைப் பிள்ளைகளாக நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். அந்த வழியில் புள்ளி சேர்க்க யாரையும் அனுப்ப மாட்டோம். துக்கம் உள்ள இடத்தை, மிதிவெடிப் பலகை நின்ற நிலத்தை, அங்குள்ளவர்களைக் கேளாமல் வரைபடத்தில் குறிக்கவே கூடாது.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் எங்கள் கோரிக்கை இது. கல்லூரி வாசலிலிருந்து பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பண்ணைக் கடற்கரை எனப் பத்து இடங்கள் குறிப்போம். ஒவ்வோர் இடத்திலும் கதை சொல்ல ஒரு பழைய மாணவி இருக்கட்டும். புள்ளிகள் நம் இல்லங்களுக்கே போகட்டும். ஐம்பது வருடம் போனாலும் தன் இல்லத்தின் நிறத்தை மறந்தவர் இங்கே யார்? இலண்டன், ரொறன்ரோ, சிட்னி கிளைகள் தம் ஊரில் நடந்து புள்ளி சேர்க்கட்டும். விளையாட்டு முடிந்த பின்னும் சனிக்கிழமைக் காலை நடை நிற்காமல் தொடரட்டும். கிளினிக்கில் எங்களைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்களையும் கூட்டி வருவோம்.

கடைசி முத்திரை கல்லூரி மண்டபத்தில். அது எந்தக் குறியாக இருக்க வேண்டும் என்று எங்கள் சாரணியர் குழு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது: வட்டத்துக்குள் ஒரு புள்ளி.