பதினாலாவது முடிச்சு

(தலைப்பு: இருமலுக்கு வீட்டு வைத்தியம் போதுமா, போதாதா? ‘போதாது’ அணியில் சந்தவாசல் நெசவாளர் வீட்டுப் பெண் பேசியது)



எனக்கு ஊர் ஆரணிக்குப் பக்கத்துல சந்தவாசல். கல்யாண வீட்டுல நீங்க பட்டுச் சேலையைப் பாக்குறீங்க ஐயா. நாங்க அதுக்குப் பின்னாடி தறிக்குழியில கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பாக்குறோம். (கைதட்டல்)

‘போதாது’ன்னு பேச வந்திருக்கேன். ஆனா எங்க வீட்டு வேலியே ஆடாதோடைதான். ஆடுகூடத் தொடாது, அவ்வளவு கசப்பு. யாராவது இருமினா எங்க ஆயா நாலு இலையைக் கிள்ளி, மிளகு தட்டிப் போட்டு, கஷாயம் வச்சு, தேன் விட்டுக் குடுப்பாங்க. சளி இளகும். இதை நான் மறுக்கல.

எதிரணி அண்ணன் கேட்டார்: “பாட்டி சொன்னப்புறம் சோதனை எதுக்கு?” அண்ணே, சோதிச்சதனாலதான் அந்த இலைக்கு உலகத்துல மரியாதை! அதுல இருக்கிற வாசிசின் என்கிற பொருளைப் பிரிச்செடுத்து ஆராய்ஞ்சாங்க. அதை அடிப்படையா வச்சு உருவாக்கின புரோம்ஹெக்சின் 1963-இல் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து பிறந்தது அம்ப்ராக்சால். சளி சிரப்பு பாட்டில்ல எழுதியிருக்கிற பேரைப் படிச்சுப் பாருங்க. நம்ம வேலியோரச் செடிதான் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

சோதனைன்னா என்ன? சென்னையில கண்டங்கத்திரியையும் தூதுவளையையும் ஆஸ்துமாக்காரங்களுக்குக் கொடுத்து, மூச்சைக் கருவியில அளந்து பார்த்தாங்க. 1999-இல் முடிவு வெளியாச்சு. மூச்சு சீரானது உண்மை. சால்புட்டமால் மாத்திரை அளவுக்கு இல்லை என்பதும் உண்மை. ரெண்டையும் மறைக்காம சொன்னாங்க பாருங்க, அதுதான் சோதனை! வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்னு சொன்னதும் சோதனைதான். அதனால மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஆடாதோடைக் கஷாயம் கூடாது. இது எங்க ஆயாவுக்குத் தெரியாது.

இன்னொண்ணும் தெரியாது.

நான் ஒன்பதாவது படிக்கிறப்போ அப்பாவுக்கு இருமல் வந்துச்சு. நூல் தூசின்னாங்க, குழி ஈரம்னாங்க. ஆயா கஷாயம் குடுத்தாங்க. ரெண்டு நாள் தேவலாம். திரும்ப வரும். திரும்பக் கஷாயம். இப்படியே நாலு மாசம். சாயங்காலமானா காய்ச்சல். உடம்பு துரும்பா இளைச்சுது. ஒரு நாள் தறியிலேயே இருமினாரு. மாம்பழக் கலர் சேலை மேல ஒரு ரத்தப் பொட்டு. (அரங்கில் அமைதி) “சேலை வீணாப் போச்சே”ன்னு அழுதாரு ஐயா. தன் உயிரைப் பத்தி அழல.

ஆஸ்பத்திரியில சளியைச் சோதிச்சாங்க. டி.பி. அதுக்குள்ள கூடவே படுத்திருந்த என் தம்பிக்கும் தொத்திடுச்சு. ஆறு மாசம் மாத்திரை. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. ஆனா அப்பாவால மறுபடியும் தறியில உட்கார முடியல. அந்த நாலு மாசத்தை யார் திருப்பிக் குடுப்பா?

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டு டி.பி.யைக் குணமாக்கலாம் என்பதும் நம்ம சென்னையில சோதிச்சுக் கண்டதுதான். 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்திலும் ஒரு பகுதியை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. பலன் ஏறக்குறைய ஒண்ணுதான் என்று 1959-இல் உலகத்துக்கே சொன்னது. அந்தச் சோதனை இல்லேன்னா எங்கப்பாவை மாசக்கணக்கா எங்கேயாவது படுக்க வச்சிருப்பாங்க. எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்காது.

ஆயா ரொம்ப நாள் யார்கிட்டேயும் பேசல. “என் கையாலேயே மூடி வச்சுட்டேனே”ன்னு புலம்புவாங்க. “உன் கஷாயம் பொய் சொல்லல ஆயா, நாமதான் நாளை எண்ணல”ன்னு நான் சொன்னேன்.

அன்னையிலிருந்து எங்க வீட்டுல ஒரு பழக்கம். யாருக்கு இருமல் வந்தாலும் அடுப்படி ஆணியில ஒரு பட்டு நூலைத் தொங்கவிடுவாங்க ஆயா. நாளைக்கு ஒரு முடிச்சு. அனேகமா அஞ்சாவது முடிச்சுக்குள்ள இருமல் போயிடும், நூலை அவிழ்த்துடுவாங்க. பதினாலாவது முடிச்சு விழுந்தா, எழுத்தே தெரியாத அந்தக் கிழவி செருப்பை மாட்டிக்கிட்டு, “கிளம்புடி, சளி டெஸ்ட்டுக்கு”ன்னு வாசல்ல நிப்பாங்க. (பலத்த கைதட்டல்) அரசு ஆஸ்பத்திரியில அந்த டெஸ்ட் இலவசம் ஐயா. மாத்திரையும் இலவசம்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்னு சொல்ல நான் வரல. கஷாயம் வைங்க. கூடவே ஒரு நூலும் கட்டுங்க.