ஊரார் பிள்ளை

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது பழைய ஏற்பாட்டுச் சொல். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்திற்குத் திரும்புவான். கைமாறிய நிலம் உரியவனைச் சேரும். ஆகவே யூபிலி கொண்டாடும் பங்கு, கோவிலுக்கு வெள்ளையடித்துக் கொடியேற்றியதோடு நின்றுவிட முடியாது. தனக்கு உரியதைப் பெறாமல் நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், முதலில் கண்ணில் படுகிறவர்கள் குழந்தைகளே.

நம் மலையில் பலவகை மக்கள் வாழ்கிறோம். தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்து வந்த பளியர் இம்மலையின் ஆதிக்குடிகள். பல தலைமுறைகளுக்கு முன் வந்து உழுது பயிரிட்டவர்கள் உண்டு. காப்பித் தோட்ட வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏறி வந்தவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினரும் கொடைக்கானல் மலைகளில் குடியேறினர். பெரியவர்களுக்கு இவையெல்லாம் தனித்தனித் தெருக்கள். குழந்தைகளுக்கோ பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் எல்லாப் பிள்ளைகளும் கடைசிவரை இருக்கிறார்களா என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பளியர் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மானிடவியல் அறிஞர் பீட்டர் கார்ட்னர் 1960-களில் பளியர் குடிகளிடையே தங்கி அவர்கள் வாழ்வை ஆராய்ந்தார். ஒருவரையொருவர் அவமதிக்கக் கூடாது என்பது அவர்களிடம் எவ்வளவு ஆழமான நெறி என்று எழுதினார். சண்டை மூளுமானால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போவதே அவர்கள் வழக்கம். சிறுவர்களிடமும் அதட்டல் குறைவு.

இப்படி வளர்ந்த பிள்ளை, ஐந்தாம் வகுப்பு முடிந்து பெரிய பள்ளிக்குப் போகிறது. அங்கே ஒருவன், "ஏய் பளியா" என்று கூப்பிடுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அழாது, சண்டைக்கும் வராது, யாரிடமும் முறையிடாது. மறுநாள் பள்ளிக்கு வராது, அவ்வளவுதான். நாமோ, "அவங்களுக்குப் படிப்பிலே நாட்டமில்லை, காட்டுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறோம். விரட்டியது ஒரு சொல். பழி பிள்ளையின் தலையில்!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1982-இல் சத்துணவுத் திட்டமும் 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தன. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்னும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டம் பள்ளிக்கூட வாசல்வரை வரும். ஒற்றையடிப் பாதையில் பிள்ளையோடு நடந்து வராது. சோற்றை அரசு போடலாம். "வா தம்பி, இங்கே உட்கார்" என்று இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

"ஊருக்கே உள்ள பொறுப்பு" என்போம். ஊர்ப் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடக் கூடாது. திருமுழுக்கில் தாய் தந்தையரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை என்று இருவரைத் திருச்சபை நிறுத்துகிறது. தாம் பெறாத ஒரு பிள்ளைக்காக, பெயர் சொல்லி, பலர் முன்னிலையில் அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். வளையலும் சட்டையும் வாங்கித் தருவதோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை. பிறர் பிள்ளைக்குத் தனிமனிதன் கடன்பட்டவன் என்னும் பெரிய உண்மை அந்தச் சடங்கில் இருக்கிறது. அதைக் கோவிலுக்கு வெளியேயும் கொண்டுபோவோம்.

எப்படி? ஒவ்வொரு குடும்பமும், தன் உறவிலும் தன் தெருவிலும் சேராத ஒரு பிள்ளையை, அதன் பெற்றோர் அறிய, தன் பொறுப்பாகக் கருதட்டும்.

முதலாவது, அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி அழைப்போம். சாதியையும் குடியையும் ஏச்சாக்கும் சொல் நம் வீட்டுக்குள் ஒலிக்க வேண்டாம். பிள்ளைகள் அதைக் கற்பது நம் வாயிலிருந்துதான்.

இரண்டாவது, காப்பி பறிப்புக் காலத்தில் பிள்ளை பள்ளிக்கு வந்ததா என்று விசாரிப்போம். தோட்டம் உடையவர்கள், பள்ளி நேரத்தில் எந்தப் பிள்ளையின் கையிலும் கூடை கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழுக்காகப் பளியர் ஒருவர் கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு அலைந்தால், ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி போகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒரு நாள் உடன் போகலாம். அந்தக் காகிதம் இல்லாமல் விடுதியும் உதவித்தொகையும் கைக்கு எட்டுவது அரிது.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. இந்த உதவிக்கு நாம் விலை கேட்கக் கூடாது. பளிச்சியம்மனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையிடம், "கோவிலுக்கு வந்தால்தான் புத்தகம்" என்று சொல்வது நற்செய்தி ஆகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் 1965 அக்டோபர் 28 என்னும் ஒரே நாளில் வெளியிட்டது. பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதும், அதன் வீட்டாரின் நம்பிக்கையை மதிப்பதும் ஒன்றாகவே செல்ல வேண்டும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அதில் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆண்டவர் அந்தக் கணக்கையும் கேட்பதில்லை. தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் வாதாடியபோது, அவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார். அது யாருடைய பிள்ளை, எந்தக் குலம் என்று நற்செய்தி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நம் ஊரின் நடுவிலும் அவர் ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கிறார். அதற்கு இடம் கொடுப்பதே நம் யூபிலிக் காணிக்கையாகட்டும். இறைவன் உங்கள் இல்லங்களையும், இம்மலையில் வாழும் எல்லாக் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக!