சலூன் வாசனை யாருடைய ஞாபகம்?

(முள்ளுக்குறிச்சி இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரக் கன்னத்தில் தேய்ப்பார்கள். சுரீரென்று எரியும், கீறிய இடத்தில் ரத்தம் நிற்கும். பிறகு பவுடர். வசதியான கடையென்றால் ஆஃப்டர் ஷேவ் லோஷன். அந்த மணத்தைத்தான் இன்று ‘பார்பர்ஷாப்’ என்று பெயரிட்டு, அந்தக்கால ஆண்களின் வாசனையென்று பாட்டிலில் விற்கிறார்கள். லாவெண்டர், மரப்பாசி, கூமரின் மூன்றும் சேர்ந்த இந்த வகை, பிரான்சில் 1882இல் வந்த ஃபூஜேர் ரோயாலிலிருந்து தொடங்குகிறது. நம்மூருக்குத் தெரிந்த ஓல்டு ஸ்பைஸ் ஆண்களுக்காக வந்தது 1938இல், அமெரிக்காவில்.

நல்ல மணம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சலூனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை என்று உருகுகிறார்களே, அந்த ஞாபகம் யாருக்கு வாய்த்தது? உள்ளூர்க் கடையில் நாற்காலி மறுக்கப்பட்ட சேரிப் பிள்ளைகள் முடிவெட்ட டவுனுக்கு பஸ் ஏறினார்கள். இன்றும் ஏறுகிற ஊர்கள் இருக்கின்றன.

கத்தி பிடித்தவரின் ஞாபகமும் வேறு. ஊருக்கு அவர் ‘குடிமகன்’. கூலி தானியமாக வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கட்டாய வேலை. வைத்தியம் பார்த்ததும் அவர்கள்தான், பிரசவம் பார்த்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. தானியக் கூலி போய்க் கையில் காசு வந்தது சலூன் வந்த பிறகுதான். திராவிட இயக்க ஏடுகளை ஊர் உட்கார்ந்து படித்ததும் டீக்கடையிலும் சலூனிலும்தான். அங்கேயும் நாற்காலிக்குச் சாதி பார்த்தார்கள் என்பதுதான் கொடுமை.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ‘கடை’ என்றால் என்ன என்று விளக்கும்போதே முடிதிருத்தும் கடையைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. தீண்டாமையின் பேரில் உள்ளே விட மறுத்தால் 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. சரி, கடைக்காரர்மேல் மட்டும் புகார் கொடுத்தால் போதுமா? அவர் கத்தரியை எடுத்த மறுநாளே ஆதிக்கச் சாதிக்காரர்கள் வரமாட்டார்கள். வாடகை யார் கொடுப்பது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது, ஆனால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எதிராக நடந்தால்தான். மருத்துவர் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பிரிவு அவரைக் காப்பாற்றாது.

ஆனால் 1955 சட்டத்தின் 10ஆம் பிரிவு, குற்றத்தைத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது. ஆகவே கடைக்காரரை மிரட்டிய ஊர்ப் பெரியவரின் பெயரும் புகாரில் வரட்டும். ஊர்த்தெருவிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, சேரித் தோழர் எழுந்த நாற்காலியில் அடுத்த ஆளாக நீங்கள் போய் உட்காருங்கள். அந்த மாதம் முழுக்க அதே கடைக்குப் போங்கள்.