காரியதரிசியாரின் ஓய்வு



நமது சங்கக் காரியதரிசியார் முப்பதாண்டு ஊழியத்தின்பின் இன்று ஓய்வு பெறுகின்றார். மாலையும் சால்வையும் அணிவித்துவிட்டோம். இவற்றோடு நம் கடன் தீர்ந்ததோ என்பதே அடியேனது ஐயம்.

சார்லஸ் லாம் என்னும் ஆங்கிலக் கட்டுரையாசிரியர் நூலெழுதிப் பிழைத்தவரல்லர். 1792-ஆம் ஆண்டு முதல் 33 ஆண்டுகள் இலண்டனிற் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குக் குமாஸ்தாவாயிருந்தார். நம் நாட்டு அவுரிக்கும் ஆடைக்கும் கணக்கு வைத்த அலுவலகம் அது. அங்குள்ள பேரேடுகளே தம்முடைய மெய்யான நூல்கள் என வேடிக்கையாகக் கூறுவார். 1825-இல் கம்பெனியார் அவரை விடுவித்து, ஆண்டுக்கு 400 பவுனுக்கு மேற்பட்ட உபகாரச் சம்பளம் அளித்தனர். விடுதலைக்கு ஏங்கியிருந்தவரோ பொழுது போக்கும் வகையறியாது திகைத்தார். பின்னொரு நாள் அலுவலகம் சென்றபோது, தாம் தொப்பி மாட்டிய ஆணியும் எழுதிய மேசையும் பிறர்க்கு உரியவாய்விட்டமை கண்டு மனம் நொந்ததாகத் தம் ஓய்வைப் பற்றிய கட்டுரையிற் காட்டுகின்றார்.

இலாபமே கருதிய கம்பெனி அத்துணை செய்தது. நம் சங்கத்திலோ உபகாரச் சம்பள விதியே இல்லை! மாணவர் விடுதிக்குப் பொருள் வேண்டி வீடுதோறும் நடந்தவர் இவர். மழையில் நனைந்த நன்கொடைப் புத்தகத்தை அடுப்பருகே உலர்த்தி, இரவெல்லாம் விழித்துப் படியெடுத்தாராம். அவர் மனைவியார் சொல்லக் கேட்டேன். அவரோ ஒருபோதும் சொன்னதில்லை.

ஆதலின், அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை அளிக்கும் தீர்மானத்தை இக்கூட்டமே நிறைவேற்ற வேண்டுகின்றேன். தருமமாகவன்று, உரிமையாக. காரியாலயத்தில் அவருக்கென ஒரு நாற்காலியும் இருக்கட்டும். அவர் வரும் நாட்களிற் புதிய காரியதரிசி பழைய கணக்குகளை அவரிடமே கேட்டறியலாம்.