குளியலறைச் சுவரும் பலகை ஒப்பனையும்



கிணற்றடியில் நீராடிய நம்மிற் பலர் இன்று வீட்டினுள்ளே குளியலறை அமைத்து, சுவருக்குப் பலகையும் பொருத்துகின்றோம். அழகுதான். ஆயினும், மூடுவதால் ஈரம் அகலுமோ?

கசிந்த சுவரின்மேல் ஒட்டுப்பலகையை அவசரமாகப் பொருத்துவித்தவன் யான். ஈராண்டில் அது உப்பியது. கழற்றியபோது பின்புறமெங்கும் கரிய பூஞ்சணம்! தொய்வு நோயால் வருந்தும் பேரன் அவ்வீட்டிலேயே உறங்கினான் என்பதை எண்ணி நாணினேன்.

ஆகவே, முதலிற் கசிவைத் திருத்துக. சுவரை நன்கு உலரவிடுக. பின்னர் நீர் உறிஞ்சாத பீ.வீ.சீ. பலகையைத் தேர்ந்து, இணைப்புகளை நீர்புகாப் பசையால் அடைத்திடுக. ஈரக்காற்று வெளியேறச் சாளரமும் வேண்டும்.

மறைத்த குறை தீர்ந்த குறை அன்று. வீட்டுக்கும் பள்ளிக்கும் இஃது ஒக்கும்.