கூச்சம் வேண்டாம், சொல்லிவிடுங்கள்

புராஸ்டேட் அறுவை முடிந்து வீடு திரும்பிய பெரியவர், குளிக்கும்போது விதைப்பை கன்றி வீங்கியிருப்பதைப் பார்க்கிறார். யாரிடமும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் எனக்குக் கவலை.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியையே எடுத்திருந்தால் இந்தக் கன்றலும் வீக்கமும் சகஜம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் வடிந்துவிடும். படுக்கும்போது சுருட்டிய துண்டை அடியில் கொடுத்துத் தாங்கலாம். இந்த அறுவையில் விந்துக் குழாய்களையும் வெட்டுவதால் விந்து வெளிவராது. ஆனால் விதைகள் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். நாளடைவில் அவை சிறுத்துப்போனால், பெரும்பாலும் ஹார்மோனை அடக்கப் போடும் ஊசிதான் காரணம்.

சுரப்பியைச் சுரண்டி மட்டும் எடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை வரலாம். சிறுநீரில் உள்ள கிருமி விந்துக் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி விதையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் வலி, சூடு, காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று சேர்ந்து வரும். இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். பத்து போட்டுப் பார்க்காதீர்கள்.

வலியே இல்லாத கெட்டிக் கட்டி என்றாலும் ஸ்கேன் அவசியம். திடீரென வலி பொறுக்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.