சட்டைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கியும், அடங்காத அச்சமும்

(அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்துவடிவம்)



கடைசி ரயிலில் வந்திறங்கி வீடு நோக்கி நடக்கும் பிள்ளைக்காக விழித்திருக்கும் தாய்மார் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஏராளம். வாடகைக்கார் ஓட்டும் கணவருக்காகவும், எரிபொருள் நிலையத்தில் தனியாக இரவுப்பணி புரியும் மகனுக்காகவும் விழித்திருப்போரும் உண்டு. அந்த விழிப்பின் நடுவே ஒரு கேள்வி எழுகிறது: "தற்காப்புக்கென்று சிறியதொரு கைத்துப்பாக்கி இருந்தால் என்ன?" பெற்றோர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. இளையோர் இணையத்தில் கேட்கின்றனர். அமெரிக்காவிலிருந்து வரும் காணொளிகள் விடை சொல்கின்றன: எந்த ரிவோல்வர் சட்டைப்பைக்குள் அடங்கும், எந்த உறை இடுப்பில் வெளித்தெரியாது, எவ்வளவு பழகினால் கை படியும் என்றெல்லாம். அந்த விடைகள் இந்த மண்ணுக்குப் பொருந்துமா என்பதே இவ்வுரையின் பொருள்.

சட்டம் சொல்வது என்ன?

அவுஸ்திரேலியாவில் துப்பாக்கி உரிமம் கேட்பவர் அதற்கான உண்மையான காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். இலக்குச் சூட்டு விளையாட்டு, விவசாயத் தொழில், பாதுகாப்புப் பணி போன்றவை அத்தகைய காரணங்கள். தன்னைக் காத்துக்கொள்வது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நியூ சவுத் வேல்ஸின் 1996ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், தற்காப்புக்காகவோ சொத்தைக் காப்பதற்காகவோ துப்பாக்கி கேட்பவருக்கு உண்மையான காரணம் இல்லை என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. விக்டோரியாவிலும் நிலைமை அதுவே.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை உணர்ந்துகொள்வது அவசியம். தாக்கப்படுபவர் சூழ்நிலைக்கு ஏற்ற அளவில் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் ஏற்கிறது. தற்காப்புக்கென்று முன்கூட்டியே ஆயுதம் சுமந்து திரியும் உரிமையையே அது மறுக்கிறது. இதனால் மிளகாய்த் தெளிப்பானும் இவ்விரு மாநிலங்களில் தடைசெய்யப்பட்ட ஆயுதமே. தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்று சொல்வது, பையில் கத்தி கொண்டு சென்றவருக்கு விடுதலை தருவதில்லை. அவர் வாயாலேயே அவரைச் சிக்க வைக்கிறது.

இந்த உறுதி எங்கிருந்து வந்தது?

தமிழர் செறிந்து வாழும் ஹோம்புஷை அடுத்துள்ளது ஸ்ட்ராத்பீல்ட். அங்குள்ள வணிக வளாகத்தில் 1991 ஓகஸ்ட் 17 அன்று ஒருவன் ஏழு பேரைக் கொன்றான். அதற்கு முன்னர், 1987இல், மெல்பேர்ணின் ஹொடில் வீதியிலும் குயீன் வீதியிலும் நான்கு மாத இடைவெளியில் இரு படுகொலைகள் நடந்தன. 1996 ஏப்ரல் 28 அன்று தஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் உயிரிழந்தனர். பன்னிரண்டே நாட்களில் மத்திய அரசும் மாநிலங்களும் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டை எட்டின. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் விலை கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன.

எனினும் அந்த உடன்பாடு பெரிதும் நீள்துப்பாக்கிகளையே குறிவைத்தது. கைத்துப்பாக்கியின் முறை 2002 ஒக்டோபர் 21 அன்று வந்தது. மெல்பேர்ணின் கிளேய்ட்டனில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் மாணவர் ஒருவர் சுட்டதில் இரு மாணவர்கள் கொல்லப்பட்டனர், ஐவர் காயமுற்றனர். சுட்டவர் களவாக ஆயுதம் வாங்கியவர் அல்லர். சூட்டுக் கழகத்தில் சேர்ந்து, முறைப்படி உரிமம் பெற்று, பல கைத்துப்பாக்கிகளைச் சேர்த்தவர். அவரைத் தடுத்தது இன்னொரு துப்பாக்கியும் அன்று. காயமுற்ற விரிவுரையாளரும் மாணவர் ஒருவரும் வெறுங்கையால் அவரை மடக்கிப் பிடித்தனர்.

அதன்பின் வந்ததே கைத்துப்பாக்கிகள் தொடர்பான தேசிய உடன்பாடு. விளையாட்டுச் சூட்டாளர் வைத்திருக்கும் ரிவோல்வரின் குழல் 100 மில்லிமீற்றருக்கும், தன்னியக்கக் கைத்துப்பாக்கியின் குழல் 120 மில்லிமீற்றருக்கும் குறையலாகாது. பத்துக் குண்டுகளுக்கு மேல் கொள்ளக்கூடாது. குழலின் விட்டம், சில போட்டிகள் நீங்கலாக,.38ஐத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. சட்டைப்பைக்கென்றே செய்யப்படும் ரிவோல்வரின் குழல் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர்தான். ஆகவே காணொளிகள் பரிந்துரைக்கும் அந்தச் சின்னஞ்சிறு ரிவோல்வரே இந்நாடு திட்டமிட்டு விலக்கிவைத்த பொருள். ஒளித்து வைக்க எளிது என்ற அதன் சிறப்பே அது விலக்கப்பட்டதற்கான காரணம். 2003இல் ஏறத்தாழ 70,000 கைத்துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன.

பிற நாடுகளின் வழி

உலகெங்கும் இதே நிலை இல்லை. அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் இன்றியே கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டு செல்லலாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உயிராபத்தைக் காட்டி உரிமம் கோரலாம். டில்லியில் 2012 டிசெம்பரில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையின் பின்னர், கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்ற ரிவோல்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. எடை ஏறத்தாழ 500 கிராம். விலை 1,22,000 ரூபாய்க்கும் மேல். இரவுப் பேருந்தில் பயணிக்கும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

விலை ஒருபுறம் இருக்க, பழக்கம் என்பது அதனினும் கடினம். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் சிறிய ரிவோல்வரே கற்றுக்கொள்ள மிகக் கடினமானது என்பதைச் சூட்டுப் பயிற்சியாளர்கள் அறிவர். எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் முனைகளுக்கிடையே தூரம் குறைந்து, சிறு பிழையும் பெரும் விலகலாகும். விசை கடினமானது; அதை இழுக்கும்போதே கை அசையும். பெரும்பாலும் ஐந்து குண்டுகளே இருக்கும். இவற்றையெல்லாம் அமைதியான பயிற்சிக்கூடத்தில் மாதக்கணக்கில் பழகியவருக்கும், இருளில் பின்னாலிருந்து ஒருவன் பாயும் அந்த இரு நொடிகளில் கை அதே போல் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தவறிய குண்டு நின்றுவிடுவதில்லை. அது அடுத்த வீட்டுச் சுவரையும் துளைக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கலிபோர்னியாவில் நெடுங்காலம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தம்முயிரை மாய்த்துக்கொள்ளும் வாய்ப்பு, அது இல்லாத ஆண்களைவிட எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே 35 மடங்கு என்றும் கண்டது. வெளியிலிருந்து வரும் பகைவனுக்காக வாங்கப்பட்டது, மனம் உடைந்த ஓர் இரவில் வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது.

இழக்க நேர்வது எது?

நியூ சவுத் வேல்ஸில் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். துப்பாக்கியே கையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி செய்வதற்கான கணினி வரைபடத்தை வைத்திருப்பதே அங்கு 2015 முதல் குற்றம். அதற்கும் உச்சத் தண்டனை 14 ஆண்டுகள். விளையாட்டாகப் பதிவிறக்கம் செய்யும் இளைஞர் இதை அறிந்திருப்பதில்லை. குயீன்ஸ்லாந்தில் விடுமுறைக்குச் சென்று 'ஜெல் பிளாஸ்டர்' வாங்கி வரும் குடும்பங்களும் அறிந்திருப்பதில்லை. அங்கே விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் அது, எல்லையைத் தாண்டி நியூ சவுத் வேல்ஸுக்குள் வந்ததும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியாகிறது.

குடியுரிமை பெறாதவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பாகும். 2014 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருக்கும் ஒருவரின் விசா கட்டாயமாக இரத்தாகும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரும் இதற்கு விலக்கல்லர். சிறு வயதிலேயே இங்கு வந்து, இந்நாட்டையே தாயகமாகக் கொண்டு வளர்ந்த பிள்ளையும் நாடு கடத்தப்படும் நிலைக்கு உள்ளாகலாம். போரையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து, பிள்ளைகள் துப்பாக்கியின் நிழல் படாமல் வளர வேண்டும் என்று கடல் கடந்து வந்த பெற்றோருக்கு இதைவிடக் கொடிய முடிவு வேறில்லை.

அச்சம் பொய்யன்று

இவ்வளவும் சொன்ன பின்னரும், இளையோரின் அச்சம் கற்பனை என்று ஒதுக்குவது அநீதியாகும். 2009இல் மெல்பேர்ணில் இந்திய மாணவர்கள் தொடர்ந்து தாக்கப்பட்டனர். மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் நகரின் மையத்தில் திரண்டு நீதி கேட்டனர். சிட்னியின் ஹாரிஸ் பார்க்கிலும் மாணவர் வீதிக்கு வந்தனர். 2010 சனவரி 2 அன்று வேலைக்குச் சென்றுகொண்டிருந்த இந்திய இளைஞர் ஒருவர் யாராவில் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டார். 2025 டிசெம்பர் 14 அன்று சிட்னியின் பொண்டாய் கடற்கரையில் யூத மக்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட இருவருள் ஒருவர் உரிமம் பெற்றவர். சட்டம் அனைத்தையும் தடுத்துவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

ஆனால் அந்நாளிலும் ஒரு துப்பாக்கியைப் பறித்தெடுத்தவர், சிரியாவில் பிறந்த அகமது அல் அகமது என்னும் கடைக்காரர். அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அதே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டது. ஆளுக்கொரு துப்பாக்கி கொடுப்பதைப் பாதுகாப்பென்று இந்நாடு கருதவில்லை. மெல்பேர்ண் ரயில் நிலையங்களில் இரவுநேரப் பாதுகாப்பு அலுவலர்கள் 2012 முதல் நிறுத்தப்பட்டதும் அந்த வழியிலேயே. பாதுகாப்பு இங்கே பொதுச்சொத்து. அதைக் குரல் எழுப்பிக் கேட்டுப் பெற வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, அச்சத்தை வீட்டில் பேசுங்கள். பிள்ளை பையில் கத்தி வைத்திருப்பதைக் காணும் தந்தை கையை ஓங்குவதற்கு முன், "யாருக்குப் பயந்து வைத்திருக்கிறாய், ராசா?" என்று கேட்கட்டும். விடை அந்தக் கேள்வியில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, தாக்குதல் நடந்தால் முறையிடுங்கள். உடனடி ஆபத்தில் 000. அவசரமில்லாத முறைப்பாட்டுக்கு நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் 131 444. ஆங்கிலம் தடையானால் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மனம் சோர்ந்த வேளையில் 13 11 14 என்ற இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். பதிவாகாத தாக்குதல் அரசின் கணக்கில் நடக்காத தாக்குதலே.

மூன்றாவது, இரவுப்பணி முடித்து வருவோரை அயலில் உள்ள குடும்பங்கள் முறைவைத்து அழைத்து வரலாம். செலவு சிறிது எரிபொருள் மட்டுமே.

நான்காவது, துப்பாக்கிச் சூட்டை ஒரு கலையாக விரும்பும் இளையோருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. சிட்னியின் சிசில் பார்க்கில் 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்காக அமைந்த சூட்டுத் திடல் உண்டு. மெல்பேர்ணிலும் நெடுநாளாக இயங்கும் கழகங்கள் உண்டு. 2006இல் மெல்பேர்ணில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இந்தியாவின் சமரேஷ் ஜங் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஐந்து தங்கம் வென்றார். அந்த வழி பொறுமையைக் கோருவது. தேசிய உடன்பாட்டின்படி, புதிதாகச் சேர்பவர் முதல் ஆறு மாதம் சொந்தத் துப்பாக்கி வாங்க இயலாது. கழகத்தின் துப்பாக்கியில், மேற்பார்வையின் கீழ் பழக வேண்டும். ஆண்டுதோறும் குறைந்தது ஆறு போட்டிகளில் பங்கேற்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி பூட்டிய பெட்டகத்திலும், குண்டுகள் வேறாகவும் இருக்க வேண்டும். அங்கே கற்பது மூச்சை அடக்கவும் விரலை அடக்கவும். பகைவன் என்று அங்கே எவரும் இல்லை.

பெற்றோர்களே, இளையோரே! சட்டைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி அச்சத்தை அடக்குவதில்லை. அதை ஒளித்து வைக்கிறது. ஒளித்த அச்சம் ஒருநாள் வெடிக்கும். பேசப்பட்ட அச்சம் பகிரப்படும், பகிரப்பட்டது குறையும். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.